அறை 31-க்கு நான் எழுதிய குறிப்புகள்

ஜனவரி 8, திங்கள்

மைனஸ் இருபத்தாறு டிகிரி குளிர். கார் கிளம்பவில்லை. சந்தைச் சதுக்கம் வரை நடந்தே போய் பிர்க்கோவோடு மதிய உணவு. போலீஸ் குற்றப்பிரிவில் அவளுக்கு இன்னும் இரண்டு வருடப் பணி இருக்கிறது. நான் யோவென்சூ நீதிமன்றத்தின் பத்திரிகையாளர் மேசையை விட்டு நான்கு வருடம் ஆகிவிட்டது.

"அறுபத்து நாலு வயசுல பேய்க்கதை திருத்திட்டு இருக்கியாமே?" என்றாள், உருளைக்கிழங்கை மசித்தபடி.

பூட்டறையைப் பற்றிச் சொன்னேன். இணையத்தில் ஒரு தளம். இல்லாத ஒரு நிறுவனம், அது அடைத்து வைத்திருக்கும் இல்லாத பயங்கரங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் அறை எண். எல்லாமே அலுவலக அறிக்கை போல எழுதப்பட வேண்டும். ஒருவர் தொடங்குவார், மற்றவர்கள் இணைப்புகள் சேர்த்து வளர்ப்பார்கள். இரண்டு வாசிப்பாளர்கள் பச்சை காட்டாமல் எதுவும் பொதுப் பக்கத்துக்குப் போகாது. அந்த இருவரில் நான் ஒருத்தி.

"கோர்ட்ல நிஜக் கொலைய முப்பத்தாறு வருஷம் பார்த்தது போதலியா?"

"அங்க திருத்த முடியாதே" என்றேன். சிரித்தாள்.

மாலையில் புதிய வரைவு ஒன்று வந்தது. தலைப்பு: அறை 31. எழுதியவர் புனைபெயர் நாணல். சாகாத கொலைகாரன் ஒருவன். சுடுகிறார்கள், எரிக்கிறார்கள், அமிலத்தில் போடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் எழுந்து வருகிறான். சிவந்த கண்கள், சுவரெல்லாம் ரத்தம், ஒன்பது காவலர்கள் பலி. மோசம். ஆனாலும் ஏதோ ஓர் அவசரம் அதில் இருக்கிறது. பொழுதுபோக்க எழுதியது போல் இல்லை.

பதினான்கு குறிப்புகள் அனுப்பினேன். முதல் குறிப்பு: "சாகாதவனைக் கண்டு எனக்குப் பயம் வரவில்லை. சாகாதவனுக்குத் தினமும் சாப்பாடு கொண்டு போக வேண்டியவர் யார்? அவரைக் காட்டுங்கள்."

ஜனவரி 9

ஊலு நகரிலிருந்து இல்போ அழைத்தான். பல் மருத்துவர். பூட்டறையின் இன்னொரு வாசிப்பாளர்.

"ஹில்க்கா, பல்லைப் புடுங்குற என்னைவிட நீதான் ஜாஸ்தி வலிக்க வைக்கிற. பதினாலு குறிப்பா? பாவம், அந்த ஜீவன் அழுதிருக்கும்."

"அழுதா அடுத்தது நல்லா வரும்."

"கல்நெஞ்சக்காரி."

ஜனவரி 15, திங்கள்

அழவில்லை. திரும்ப எழுதியிருக்கிறார்.

ரத்தம் போய்விட்டது. அமிலம் போய்விட்டது. எண்களை அழுத்தித் திறக்கும் ஒரு கதவு, உள்ளே ஒரு கட்டில், ஒரு ஜன்னல். காவலர் ஒருவரே. அவன் அங்கே வருவதற்கு முன் என்ன செய்தான் என்பது ஒரே வரியில்: "பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, ஒரு சாலையோரம்." அவனுக்குப் பேச்சு வராது. கெட்டியான சாம்பல் நிறக் கூழ், தயிர் மட்டுமே கொடுக்க வேண்டும். நீர்த்த எதையும் கொடுக்கக் கூடாது என்று நிறுவனத்தின் விதி. காரணம் சொல்லப்படவில்லை. காவலர் ஒவ்வொரு முறை உணவு கொடுத்த பிறகும் நேரம், அளவு, கையெழுத்து.

பிறகு ஒரு பட்டியல். "முயற்சி 1: ஜன்னல். நான்கு மணி நேரம் திறந்து வைக்கப்பட்டது. எட்டு நாள் இருமினான். பிழைத்துக்கொண்டான்."

எனக்கு முதுகு சில்லிட்டது. இதைத்தான் கேட்டேன்.

ஆனால் ஓட்டை இருக்கிறது. எழுதினேன்: "இந்தக் குளிரில் நான்கு மணி நேரம் ஜன்னல் திறந்திருந்தால் யாராவது கேட்க மாட்டார்களா? நம்ப முடியவில்லை. ஒரு காரணம் கொடுங்கள்."

ஜனவரி 17

பதில் வந்தது. "ஜன்னல் கைப்பிடி பழுது என்று முதல் நாளே அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. எழுதி ஒட்டியது காவலர்தான்."

பிரமாதம் என்று பதில் போட்டேன். அந்த ஒரே சொல்.

ஜனவரி 22, திங்கள்

அறை 31 தளம் முழுக்கப் பரவிவிட்டது. பச்சை கிடைக்கும் முன்பே உறுப்பினர்கள் இணைப்பு எழுத ஆரம்பித்துவிட்டார்கள். ஆளுக்கொரு முயற்சி, அவனைக் கொல்ல ஆளுக்கொரு வழி. ஏழு வந்திருக்கின்றன. இல்போவினுடையதும் ஒன்று. கரண்டுக் கம்பி, கார் இன்ஜின், வளர்ப்பு ஓநாய். சிறுபிள்ளைத்தனம். ஏழையும் தள்ளினேன். பிறகு நாணலுக்கு நீளமாக எழுதினேன். பதினேழாவது குறிப்பு. அதை இங்கே நகல் எடுத்து வைக்கிறேன், ஏனென்றால் நன்றாக வந்திருக்கிறது என்று தோன்றியது:

"பெரிய ஆயுதங்கள் வேண்டாம். பயம் அவற்றில் இல்லை. நீர்த்த எதையும் கொடுக்கக் கூடாது என்று ஒரு விதி போட்டீர்கள். விதியைச் சொல்லிவிட்டு நீங்களே மறந்துவிட்டீர்கள். காவலர் கையில் இருக்க வேண்டியது துப்பாக்கி அல்ல. ஒரு டம்ளர் தண்ணீர்."

ஜனவரி 25

நாணலின் பதில், முழுவதும்: "தண்ணீர். ஆமாம். நன்றி."

பிப்ரவரி 2, வெள்ளி

மூன்றாவது வரைவு. காலை உணவுக்கு முன் உட்கார்ந்தேன். காபி ஆறிப் போய்விட்டது.

காவலருக்கு இப்போது ஓர் அக்கா இருந்தாள் என்று வருகிறது. அந்தப் பத்தொன்பது வயதுப் பெண் அவள்தான். ஒரு காலை உணவு நேரத்தில் காவலர் அவனிடம் அக்காவைப் பற்றிப் பேசுகிறார். அவன் கேட்டுக்கொண்டே தயிர்க் கிண்ணத்தின் மேலிருந்த தாளை, கிழியாமல், ஒரே துண்டாக உரித்தெடுக்கிறான். அதை மேசையில் ஒட்டி, கட்டைவிரலால் ஓரம் ஓரமாகச் சுருக்கம் நீக்குகிறான். அவர் பேசி முடிக்கும் வரை. பிறகு நிமிர்ந்து பார்க்கிறான்.

இதை நான் பார்த்திருக்கிறேன்.

கதையில் இல்லை. பார்த்திருக்கிறேன்.

பிப்ரவரி 3, சனி

நிலவறைச் சேமிப்பில் பெட்டிகள். மூன்றாவது பெட்டியில் அந்த நோட்டு. இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய அக்டோபர், மெர்வி கொலை வழக்கு. என் கையெழுத்துதான், இன்னும் கொஞ்சம் நிமிர்ந்த கையெழுத்து.

"குற்றம் சாட்டப்பட்டவர் தைஸ்தோ. மெர்வியின் தாய் பேசுகிறார். 3 நிமிடம். தைஸ்தோ தண்ணீர் பாட்டிலின் லேபிளை ஒரே துண்டாக உரிக்கிறார். மேசையில் ஒட்டுகிறார். கட்டைவிரலால் தடவுகிறார். தாய் பேசி முடித்ததும் நிமிர்கிறார்."

இதை நான் அச்சில் கொடுக்கவே இல்லை. மறுநாள் அந்தத் தாய் படிக்க வேண்டாம் என்று விட்டேன். வேறு எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. பத்திரிகையாளர் மேசையில் என்னோடு இருந்த இன்னொருவர் குனிந்து படம் வரைந்துகொண்டிருந்தார், பார்க்கவில்லை.

நோட்டின் ஓரத்தில் வழக்கம் போல யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று குறித்திருக்கிறேன். இரண்டாம் வரிசை: தாய், சித்தி, தங்கை சைலா (15).

பிப்ரவரி 5, திங்கள்

இரண்டு நாள் ஒன்றும் செய்யவில்லை. ஏன் செய்யவில்லை? தற்செயலாக இருக்கலாம். லேபிள் உரிப்பவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். அந்தத் தங்கை கதை எழுதித் தன் துக்கத்தை ஆற்றிக்கொள்கிறாள், அவ்வளவுதான் — அதற்கு அவளுக்கு உரிமை இல்லையா?

தைஸ்தோ பதினாறு வருடம் கழித்து வெளியே வந்துவிட்டான் என்பது எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு தெரியாது. இன்று பழைய தொடர்பு ஒருவரைக் கேட்டேன். போன கோடையில் பக்கவாதம். பேச்சு போய்விட்டது. விழுங்குவது சிரமம். தண்ணீர் போல நீர்த்தது நுரையீரலுக்குள் போய்விடுமாம். ஏரிக்கரையில் ஒரு பராமரிப்பு இல்லத்தில், கதவுக்கு எண் பூட்டு போட்ட பிரிவில்.

விழுங்குவது சிரமம்.

இல்போவை அழைத்தேன். எல்லாம் சொன்னேன்.

"ஹில்க்கா, நிறுத்து. எழுத்தைக் கேள், எழுதினவங்களைக் கேக்காதே. விதி அதுதான். நீதானே புதுசா வர்றவங்களுக்கெல்லாம் அதைச் சொல்லிக் குடுக்கற?"

"ஆமா."

"அங்க எழுதறவங்கள்ல பாதிப் பேர் தூக்கு, தற்கொலைன்னு எழுதறாங்க. ஒவ்வொருத்தரையும் நிஜம்னு எடுத்துக்கிட்டா யாரும் ஒரு வரி எழுத மாட்டாங்க."

சரியாகத்தான் சொன்னான். நான்கு வருடமாக அந்த விதி எனக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்று இப்போது தெரிகிறது. முப்பத்தாறு வருடம் "யார் சொன்னது, எப்படித் தெரியும்" என்று கேட்டே வாழ்ந்தவளுக்கு, கேட்கக் கூடாது என்று ஓர் இடம் கிடைத்தது.

பிப்ரவரி 6

நாணலுக்கு எழுதினேன். குறிப்பு எண் போடவில்லை. "சைலா, நான் அன்று பத்திரிகையாளர் மேசையில் இருந்தேன். பேச வேண்டும்."

ஒரு மணி நேரத்தில் பதில். "வியாழன் ஓய்வு. நெடுஞ்சாலை பெட்ரோல் நிலையத்து உணவகம். பன்னிரண்டு மணி."

பிப்ரவரி 8, வியாழன்

வியாழக்கிழமை, இந்த ஊர் வழக்கப்படி எல்லா மேசையிலும் பட்டாணி சூப்பு. லாரி ஓட்டுநர்கள் கூட்டம். அவள் மூலையில், முதுகு சுவரில் படும்படி உட்கார்ந்திருந்தாள். முப்பத்தேழு வயது. கை அடிக்கடி கழுவிக் கழுவி வெடித்த கை.

நான் உட்கார்ந்ததும் அவளே ஆரம்பித்தாள்.

"நீங்க அன்னிக்கு எழுதினதை அம்மா வெட்டி வச்சிருந்தாங்க. சாகற வரைக்கும் வச்சிருந்தாங்க. அதுல லேபிள் பத்தி ஒண்ணும் இல்ல."

"நான்தான் விட்டுட்டேன். உங்கம்மா படிக்க வேணாம்னு."

"நாங்கதான் நேர்லயே பார்த்தோமே."

அவள் சூப்பில் கடுகு விழுதை விட்டுக் கலக்கினாள், சாப்பிடவில்லை.

"ஆறு வருஷமா அங்க வேலை செய்யறேன். அக்டோபர்ல சக்கர நாற்காலியில கொண்டு வந்தாங்க. ஃபைல்ல பேரைப் பார்த்தேன். மேனேஜர்கிட்ட சொல்லத்தான் போனேன், சத்தியமா. அன்னிக்கு ரெண்டு பேர் வரல. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள, 'சைலா, முப்பத்தொண்ணையும் நீயே பார்த்துக்கறியா, உன்ன மாதிரி ஆள் இல்லாட்டி இந்த இடமே கவுந்துடும்'ன்னாங்க. சரின்னுட்டேன்."

"கதைல அறை எண்ணைக்கூட மாத்தலியா நீ?"

"மாத்தத் தோணல."

"அவனுக்கு நீ யாருன்னு தெரியுமா?"

"தெரியாதுன்னு டாக்டர் சொல்றாங்க. எதுவுமே பதியாதாம். ஆனா நான் மெர்வி பேரைச் சொன்ன அன்னிக்கு மட்டும்தான் அந்தத் தாளை உரிச்சான். மத்த நாள்ல நான்தான் உரிச்சுக் குடுக்கணும்."

ஜன்னலைப் பற்றிக் கேட்டேன். ஆமாம் என்று தலையை ஆட்டினாள். தண்ணீரைப் பற்றிக் கேட்டேன்.

"ரெண்டு தடவை. குடிச்சான், இருமினான், முகமெல்லாம் நீலமாயிடுச்சு. அப்புறம் சரியாயிட்டான். மத்தியானம் ரெண்டு கிண்ணம் கூழ் சாப்பிட்டான்." முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தாள். "அவன் சாக மாட்டான். நான் எழுதினது கதை இல்ல."

நான் சொன்னேன் — எவ்வளவு நிதானமாகச் சொன்னேன் என்பதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது — "நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்குள்ள நீயே மேனேஜர்கிட்ட சொல்லிடு. நீயே சொன்னா அது வேற. இல்லன்னா ஒன்பதுக்கு நான் போலீசுக்குச் சொல்லுவேன்."

"நீங்க கதையத்தானே பார்த்துட்டு இருந்தீங்க" என்றாள். கோபமாக இல்லை. வருத்தமாகக்கூட இல்லை. கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. மூணாவது வரைவு நம்பற மாதிரி இருந்துச்சா?"

இருந்தது என்றேன். பொய் சொல்ல வரவில்லை.

பிப்ரவரி 9, வெள்ளி

ஒன்பது வரை காத்திருந்தேன். ஒன்பது நான்குக்கு பிர்க்கோவை அழைத்தேன்.

"ஏண்டி இப்ப சொல்ற?" என்றாள். "நேத்தே ஏன் சொல்லல?"

"அவளுக்கு ஒரு கெடு குடுத்தேன்."

"அவ டியூட்டி எத்தனை மணிக்கு ஆரம்பம்?"

எனக்குத் தெரியாது. கேட்கவில்லை. பத்திரிகைக்காரிக்குக் கெடு கொடுக்கத் தெரியும். பராமரிப்பு இல்லத்தில் காலைப் பணி ஏழு மணிக்கு ஆரம்பிக்கும் என்பது இந்த நாட்டில் யாருக்குத் தெரியாது?

பதினொன்றரைக்கு பிர்க்கோ திரும்ப அழைத்தாள். எட்டுப் பத்துக்கே ஆம்புலன்ஸ் போயிருக்கிறது. கூப்பிட்டது சைலா. இவர்கள் போனபோது அவள் 31-ஆம் அறை வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தாளாம், கையில் காலி டம்ளரோடு. ஒன்றும் கேட்காமலேயே எழுந்து நின்றாளாம்.

அவன் நுரையீரல் நோய்ப் பிரிவில். இன்று தாண்டுவது கடினம் என்றார்களாம்.

பிப்ரவரி 12

தாண்டிவிட்டான்.

பிப்ரவரி 20, செவ்வாய்

காவல் நிலையம். இந்தக் கட்டடத்தில் எத்தனை முறை இருந்திருக்கிறேன், நோட்டோடு. இன்று மேசையின் இந்தப் பக்கம். பிர்க்கோ பூட்டறையிலிருந்து எடுத்த தாள்களை வைத்திருந்தாள். தள்ளிய இணைப்புகளுக்கு எழுதியவையும் சேர்த்து என் குறிப்புகள் மொத்தம் முப்பத்தெட்டு. சிலவற்றை உரக்க வாசித்தாள். சங்கடப்பட்டுக்கொண்டே வாசித்தாள், நாற்பது வருடப் பழக்கம்.

"ஒரு காரணம் கொடுங்கள்." நிறுத்தினாள். "அந்தப் பழுது அறிவிப்பு எப்ப ஒட்டினதுன்னு தெரியுமா? ஜன்னல் விஷயம் நடந்தது ஜனவரி ஆறு. மேனேஜர் பதினஞ்சாம் தேதி விசாரிக்கறேன்னு சொல்லியிருக்காங்க. பதினாறாம் தேதி இந்த அறிவிப்பு ஃபைல்ல வந்து உக்காந்திருக்கு, பழைய தேதி போட்டு. அதோட விசாரணை முடிஞ்சு போச்சு."

அடுத்த தாளைப் புரட்டினாள்.

"பதினேழாவது. 'காவலர் கையில் இருக்க வேண்டியது…' — இது என்ன, ஹில்க்கா?"

"விமர்சனம்."

"நான் என்னன்னு எழுதிக்கட்டும்?"

"விமர்சனம்னே எழுதிக்க."

எழுதிக்கொண்டாள். என்மேல் வழக்கு வராது, சாட்சி மட்டும்தான் என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். வெளியே வந்து வெகுநேரம் கார் சாவியைத் தேடினேன்; அது கையிலேயே இருந்தது.

மார்ச் 4

அந்த விசாரணை நடந்திருந்தால் ஜனவரியிலேயே கண்டுபிடித்திருப்பார்கள். அவள் கையில் தண்ணீர் போயிருக்காது. அவள்மேலும் வெறும் ஜன்னல் குற்றச்சாட்டு மட்டும்தான் இருந்திருக்கும்.

இதை எங்காவது எழுதிவைக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

ஏப்ரல் 11, வியாழன்

செய்தி பத்திரிகைகளில் வந்ததிலிருந்து பூட்டறைக்குப் போகவில்லை. இன்று போனேன். அறை 31-க்குப் புதிதாக நாற்பத்தொரு இணைப்புகள். முயற்சி 4, முயற்சி 5, முயற்சி 22. முன்பு போல ஓநாயும் இன்ஜினும் இல்லை. எல்லாம் சின்னச் சின்னப் பொருள்கள். தலையணை. போர்வை. மாத்திரைப் பெட்டியின் செவ்வாய்க்கிழமை அறை. எல்லாரும் என் குறிப்புகளை வாசித்திருக்கிறார்கள். ஒருவர் நன்றி கூடச் சொல்லியிருக்கிறார்.

இல்போவை அழைத்து, எடுத்துவிடச் சொன்னேன்.

"எழுதினவங்க மட்டும்தான் எடுக்க முடியும். உனக்குத் தெரியாதா?"

"எழுதினவ காவல்ல இருக்கா, இல்போ. அவளுக்கு இணையம் கிடையாது."

"தெரியும்" என்றான். "என்னோடதை மட்டும் எடுத்துட்டேன். அந்தக் கரண்டுக் கம்பியை. அதை எடுத்து என்ன பிரயோஜனம்னு கேக்காதே."

கேட்கவில்லை.

ஏப்ரல் 24

வழக்கு மே 14. கொலை முயற்சி, நான்கு முறை. சாட்சிப் பட்டியலில் என் பெயர் நான்காவது. சைலாவின் வழக்கறிஞர் கேட்டார்: அவள் எழுத்து கற்பனை என்றுதான் நீங்கள் நம்பினீர்கள், இல்லையா? நம்பினேன். எந்த நாள் வரை? அந்த நாளைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். பிப்ரவரி இரண்டு என்றுதான் சொல்லப் போகிறேன். ஜனவரி 15 அன்று முதுகு சில்லிட்டது என்று இந்த நோட்டில் இருக்கிறது.

மே 2, வியாழன்

ஏரியில் பனிக்கட்டி போய்விட்டது. பிர்க்கோவிடம் சொல்லாமல் போனேன். சொன்னால் விட்டிருக்க மாட்டாள்.

பராமரிப்பு இல்லத்தில் யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதினேன். புதிய பராமரிப்பாளர், வாட்டசாட்டமான ஆள், மூச்சு வாங்கிக்கொண்டே எண்களை அழுத்திக் கதவைத் திறந்தார்.

"அட, இவருக்கு ஆள் வந்திருக்கா! வந்ததுலேர்ந்து ஒருத்தர்கூட வரலியே. சொந்தமா?"

"இல்ல. பழைய பழக்கம்."

"நல்லாத் தேறிட்டார். அந்தக் கதையெல்லாம் கேட்டிருப்பீங்களே? நம்ப முடியுதா? ஆனா இதயம் இரும்பு மாதிரின்னு டாக்டர் சொன்னார். இன்னும் பத்து வருஷம் தாராளமா."

ஜன்னலருகே நாற்காலியில் இருந்தான். எடை கூடியிருந்தது. கன்னம் சிவந்து, முடி வாரி, நீலக் கம்பளிச் சட்டை. நான் எதிரில் உட்கார்ந்தேன். பார்த்தான். என்னைத்தானா, என் பின்னாலிருந்த கதவையா? தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்தேன். அரை மணி நேரம் பார்த்தும் தெரியவில்லை.

தாழ்வாரத்தில் மணி அடித்தது. பிறகு இன்னொன்று. பராமரிப்பாளர் தட்டோடு உள்ளே வந்து என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. இன்னிக்கு மூணு பேர் செய்ய வேண்டியதை நான் ஒருத்தனே செய்யறேன். கொஞ்சம் ஊட்டி விடறீங்களா? ஒண்ணும் கஷ்டமில்ல. அரைக் கரண்டி, விழுங்கற வரைக்கும் காத்திருங்க, அப்புறம் அடுத்தது."

கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கதவு தானாக மூடிக்கொண்டது.

சாம்பல் நிறம், வெதுவெதுப்பாக இருந்தது. அரைக் கரண்டி எடுத்தேன். அவனுடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன், வேறெங்கும் பார்க்க முடியாமல். விழுங்கினான். மறுபடியும் வாயைத் திறந்தான்.